பூட் கன்சோலும் டிவைஸ் ட்ரீயும்: திண்ணையில் கேட்ட கேள்விகள்

காரைக்குடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சனி, ஞாயிறு மாலைகளில் ஏழெட்டுப் பிள்ளைகள் கூடுவார்கள். பாலிடெக்னிக்கில் படிப்பவர்கள், படித்து முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர்கள். தோப்பு மோட்டாரையும் மாடித் தண்ணீர்த் தொட்டியையும் கண்காணிக்கும் சின்ன போர்டுகளைச் செய்து கொடுப்பது என் தொழில். அதைப் பார்த்துப் பழக வருகிறார்கள். அவர்கள் கேட்பதில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கும்: போர்டு கிளம்பும்போது பேசுகிற பேச்சு எந்தக் கம்பி வழியாக வெளியே வரும், அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பது. அந்தப் பேச்சு வரும் வழிதான் பூட் கன்சோல். அந்தக் கேள்விகளையும் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரு குறிப்பு. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் நாங்கள் வாயால் சொல்வதுபோலவே தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

பூட் கன்சோல் எதற்கு? திரைதான் இருக்கிறதே?

திரை உயிர் பெறுவதற்குள் கர்னல், அதாவது இயங்குதளத்தின் கரு, ஆயிரம் வேலை பார்த்து முடித்திருக்கும். அந்த ஆயிரத்தில் ஒன்று தடுக்கினால் கறுப்புத் திரைதான் மிஞ்சும், காரணம் தெரியாது. சீரியல் கம்பிக்கு அவ்வளவு ஏற்பாடு வேண்டாம். அந்தக் கம்பியில் எழுத்துகளை அனுப்பி வாங்கும் சிப்புப் பகுதிக்கு யூஆர்ட் என்று பெயர். ஒரு யூஆர்ட்டுக்கு ஒரு எழுத்தை அனுப்பினால் அது மறுமுனையில் வந்து விழும். நான் செய்யும் போர்டுகளில் திரையே கிடையாது, அதனால் எனக்குக் கம்பிதான் கண்.

வன்பொருளின் விவரங்களை ஒரு கோப்பில் எழுதிக் கொடுக்கவேண்டும் என்கிறீர்களே, என்னென்ன இருக்கிறது என்று கர்னலுக்கே தெரியாதா?

பிசிஐ அட்டையையோ யூஎஸ்பி சாதனத்தையோ கேட்டால், தான் யார் என்று அதுவே சொல்லிவிடும். போர்டுகளில் வரும் ஆர்ம் வகைச் சிப்புக்குள் இருக்கும் யூஆர்ட் அப்படிச் சொல்லாது. அது எந்த முகவரியில் இருக்கிறது, எந்தக் கடிகாரத்தில் ஓடுகிறது, எந்தக் கால்கள் வழியாக வெளியே வருகிறது என்று யாராவது முன்கூட்டியே எழுதி வைத்தால்தான் உண்டு. அப்படி எழுதி வைத்த கோப்புதான் டிவைஸ் ட்ரீ, அதாவது சாதன மரம்.

நம் ஊர் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று போய்ப் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். புதிதாக வந்தவரை நடுவில் விட்டால் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்பார். கையில் வீட்டுப் படம் இருந்தால் நேராக நடப்பார். கர்னலுக்கு அந்தப் படத்தைக் கொடுத்து அனுப்புவது, கர்னலை நினைவகத்தில் ஏற்றிக் கிளப்பிவிடும் பூட்லோடரின் வேலை.

இது புதிய யோசனை அல்ல. 1994-ல் ஐஇஇஇ 1275 என்ற தரமாக வெளிவந்த, கணினியைக் கிளப்பும் ஓப்பன் ஃபர்ம்வேரில் இந்த மரம் இருந்தது. சன் நிறுவனத்தின் கணினிகளும் ஆப்பிளின் பவர்பிசி மேக்குகளும் அதைத்தான் பயன்படுத்தின. ஆர்ம் பக்கம் அது பரவலானது பின்னால்தான். ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு சி கோப்பு என்று லினக்ஸ் கர்னலுக்குள் குப்பை சேர்ந்துகொண்டே போனது. 2011-ல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதை வெளிப்படையாகவே கண்டித்தார். அதன் பிறகு அந்த விவரங்கள் டிவைஸ் ட்ரீக்கு நகர ஆரம்பித்தன.

கம்பியை எங்கே செருகுவது?

ராஸ்பெரி பை என்றால் 40 கால் வரிசையில் 6-வது கால் கிரவுண்ட், 8-வது கால் அனுப்புவது, 10-வது கால் வாங்குவது. கணினியின் யூஎஸ்பி துளையைச் சீரியல் கம்பியாக மாற்றும் அடாப்டர் ஒன்று வேண்டும். அதன் வாங்கும் கம்பி போர்டின் அனுப்பும் காலுக்குப் போகவேண்டும், அனுப்பும் கம்பி வாங்கும் காலுக்கு. மாற்றிப் போட்டால் எதுவும் எரியாது, எழுத்து வராது, அவ்வளவுதான். பீகிள்போன் பிளாக்கில் இதற்கென்றே ஜே1 என்ற 6 கால் வரிசை இருக்கிறது. பை 5-ல் இரண்டு எச்டிஎம்ஐ துளைகளுக்கு நடுவில் மூன்று கால் சிறு இணைப்பான் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். அடாப்டர் 3.3 வோல்ட்டில் பேசவேண்டும். பழைய கணினியின் ஒன்பது ஊசி ஆர்எஸ்-232 துளையில் இருந்து நேராக இழுத்தால் போர்டு போய்விடும். இரண்டாவது, அடாப்டரின் சிவப்புக் கம்பியைத் தொங்க விட்டுவிடுங்கள். போர்டுக்குத் தனியாக மின்சாரம் வருகிறது, இதுவும் கொடுக்க வேண்டாம். ஆரம்பத்தில் 5 வோல்ட் அடாப்டர் ஒன்றை விவரம் பார்க்காமல் வாங்கி வந்து செருகினேன். சிப் சூடாகி, விரல் வைத்துப் பார்த்தபோது தோல் ஒட்டியது. அன்றிலிருந்து, புது அடாப்டர் வந்தால் மல்டிமீட்டரில் அனுப்பும் காலை அளக்காமல் போர்டுப் பக்கம் கொண்டுபோவதில்லை.

கன்சோலைத் தீர்மானிக்கும் வரி எது?

டிவைஸ் ட்ரீயில் சோசன் என்று ஒரு கணு, அதாவது மரத்தின் ஒரு கிளை, இருக்கும். அது எந்தச் சாதனத்தையும் குறிப்பதில்லை, பூட்லோடரும் கர்னலும் பேசிக்கொள்ளும் இடம் அது. அதற்குள் இந்த வரி:

எஸ்டிடிஅவுட்-பாத் = "சீரியல்0:115200என்8";

முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது எந்தச் சாதனம் என்பது. பின்னால் இருப்பது எந்த வேகம் என்பது. 115200 பாட் (நொடிக்கு அத்தனை பிட்), பாரிட்டி என்ற பிழைச் சோதனை பிட் இல்லை, எழுத்துக்கு 8 பிட்.

சீரியல்0 என்பது எங்கிருந்து வந்தது? அலியாசஸ் என்ற இன்னொரு கணுவில் இருந்து. நகரத்தார் வீடுகளுக்கு விலாசம் என்று ஒன்று உண்டு, முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த சுருக்கப் பெயர். ஊருக்குள் அதைச் சொன்னாலே போதும், தெருவும் கதவு எண்ணும் கேட்க மாட்டார்கள். அலியாசும் அப்படித்தான். யூஆர்ட்டின் முழுப் பாதை நீளமாக, பதினாறடிமான முகவரியோடு இருக்கும். அதற்குச் சீரியல்0 என்று ஒரு விலாசம் கொடுத்துவிட்டால் அதையே எல்லா இடத்திலும் எழுதலாம். முழுப் பாதையை எழுதினாலும் வேலை செய்யும். லினக்ஸில் வன்பொருளை இயக்கும் நிரல்களான டிரைவர்கள் பல, சீரியல் கம்பிக்கு டிடிஒய்எஸ்0, டிடிஒய்எஸ்2 என்று எண் கொடுப்பதும் இந்த அலியாஸ் எண்ணைப் பார்த்துத்தான்.

பழைய கோப்புகளில் லினக்ஸ்,எஸ்டிடிஅவுட்-பாத் என்று இருக்கும். அது வழக்கொழிந்தது, புதிதாக எழுதும்போது வேண்டாம்.

கர்னல் வரியில் கன்சோல்= என்று போட்டால் முடிந்ததே, இது எதற்கு?

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற கேள்வி இதுதான். கர்னல் வரி என்பது, கர்னல் கிளம்பும்போது பூட்லோடர் அதனிடம் கொடுக்கும் அமைப்புச் சொற்களின் வரி.

கன்சோல்=டிடிஒய்எஸ்0 என்று எழுதும்போது நீங்கள் கம்பியைக் குறிப்பிடவில்லை, லினக்ஸில் ஒரு டிரைவர் அந்தக் கம்பிக்கு வைத்த பெயரைக் குறிப்பிடுகிறீர்கள். டிரைவர் மாறினால் பெயரும் மாறும். பீகிள்போன் பிளாக்கில் அதே கம்பி, அதே சிப்தான், ஆனால் பழைய டிரைவரில் அது டிடிஒய்ஓ0, 8250 என்ற டிரைவருக்கு மாறியதும் டிடிஒய்எஸ்0. பெயர் மாறியது தெரியாமல் எத்தனையோ பேர் போர்டு செத்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள். எஸ்டிடிஅவுட்-பாத் குறிப்பது வன்பொருளை. எந்த டிரைவர் வந்தாலும் அந்த வரி சரியாகவே இருக்கும். அதே கோப்பை ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளம் வாசித்தாலும் அதே கம்பிக்கு வந்து சேரும். யூ-பூட் என்ற பூட்லோடரும் தன் கன்சோலைத் தேட இதே வரியைப் பார்க்கும். அதனால் கம்பி எது என்பதை விவரக் கோப்பில் ஒரே ஒரு இடத்தில் எழுதுங்கள். மற்ற இடங்களில் இருந்து எடுத்துவிடுங்கள்.

அந்த வரியைச் சரியாகத்தான் எழுதினேன். ஆனாலும் ஒரு எழுத்துகூட வரவில்லையே?

பெரும்பாலும் வேறு யாரோ உங்களுக்குப் பிறகு பேசியிருப்பார்கள்.

லினக்ஸ் கர்னல் வரியில் கன்சோல்= என்று ஒன்று இருந்துவிட்டால், எஸ்டிடிஅவுட்-பாத் சொல்வதை அது கன்சோலாக எடுத்துக்கொள்ளாது. அங்கே எழுதியிருக்கும் பெயர் அந்தப் போர்டில் இல்லாத பெயராக இருந்தாலும் அப்படித்தான். அந்தக் கர்னல் வரியோ பல கைகள் மாறி வருகிறது. விவரக் கோப்பின் சோசன் கணுவில் பூட்ஆர்க்ஸ் என்ற பெயரில் அது இருக்கலாம். யூ-பூட்டிடம் பூட்ஆர்க்ஸ் என்ற மாறி இருந்தால், கோப்பில் இருந்ததை அழித்துவிட்டு அதை எழுதும். கர்னலைத் தொகுக்கும்போதே ஒரு வரியைக் கட்டாயமாக உள்ளே வைத்திருந்தால், அதற்கு மேல் யார் சொல்வதும் எடுபடாது.

தேவகோட்டையில் இருந்து வரும் தம்பி ஒருவர் ராக்சிப் போர்டு ஒன்றோடு ஒருநாள் வந்தார். டிவைஸ் ட்ரீயை நான்கு முறை திருத்தித் தொகுத்துவிட்டார், எஸ்டிடிஅவுட்-பாத்தில் சீரியல்2 என்று சரியாகவே இருந்தது. போர்டு மட்டும் "ஸ்டார்ட்டிங் கர்னல்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. "அண்ணே, கோப்புல தப்பே இல்லண்ணே" என்று அவர் சொன்னது உண்மைதான். யூ-பூட்டை நடுவில் நிறுத்தி சேமித்த மாறிகளைக் காட்டும் பிரிண்ட்என்வ் கட்டளையை அடித்துப் பார்த்தோம். முன்பு அந்தப் போர்டை வைத்திருந்தவர் கன்சோல்=டிடிஒய்எஸ்0 என்று சேமித்து வைத்திருந்தார். அந்தப் போர்டில் வெளியே வரும் கம்பி டிடிஒய்எஸ்2. பூட்ஆர்க்ஸில் இருந்து அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டு சேவ்என்வ் கொடுத்தோம். அடுத்த முறை கிளம்பும்போது எழுத்துகள் திரையில் ஓட ஆரம்பித்தன. தம்பி திண்ணையை விட்டு எழுந்தே விட்டார்.

இன்னொரு காரணமும் உண்டு. யூஆர்ட் கணுவில் ஸ்டேட்டஸ் என்பது டிசேபிள்டு என்று இருந்தால், அதைக் கன்சோல் என்று எத்தனை முறை சொன்னாலும் டிரைவர் அதைத் தொடாது. ஓகே என்று மாற்றவேண்டும். எந்தக் கால் எந்த வேலைக்கு என்று சொல்லும் பின்கன்ட்ரோல் வரியும் சரியாக இருக்கவேண்டும். இல்லையென்றால் யூஆர்ட் உள்ளே பேசிக்கொண்டிருக்கும், கால் வேறு வேலைக்கு ஒதுக்கப்பட்டிருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் போர்டு என்ன முடிவு செய்தது என்று எப்படிப் பார்ப்பது?

எஸ்எஸ்எச் வழியாக, அதாவது வலையமைப்பு வழியே, உள்ளே போக முடிந்தால் சுலபம். நான் நான்கு கோப்புகளை வரிசையாக கேட் கட்டளையால் திறந்து பார்ப்பேன்.

/ப்ராக்/டிவைஸ்-ட்ரீ/சோசன்/எஸ்டிடிஅவுட்-பாத் என்பதில் கர்னல் கைக்கு உண்மையில் வந்த வரி இருக்கும். நீங்கள் எழுதியதும் இதுவும் வேறாக இருந்தால் நடுவில் யாரோ மாற்றியிருக்கிறார்கள், அல்லது நீங்கள் திருத்திய கோப்பு வேறு, போர்டு ஏற்றுகிற கோப்பு வேறு. இந்த இரண்டாவது தவறு ரொம்ப சகஜம். /ப்ராக்/சிஎம்டிலைன் கடைசியாக வந்த கர்னல் வரியைக் காட்டும். /சிஸ்/கிளாஸ்/டிடிஒய்/கன்சோல்/ஆக்டிவ் இப்போது எது கன்சோல் என்று சொல்லும். /ப்ராக்/கன்சோல்ஸ் அதையே விவரமாகச் சொல்லும். அதில் பெரிய சி எழுத்து எந்த வரியில் இருக்கிறதோ அதுதான் /டெவ்/கன்சோல்.

முழு மரத்தையும் வாசிக்க வேண்டுமென்றால் /சிஸ்/ஃபர்ம்வேர்/எஃப்டிடி கோப்பை எடுத்து டிடிசி கருவியால் மறுபடி எழுத்தாக மாற்றலாம். தொகுத்த கோப்பில் ஒரு வரியை மட்டும் மாற்ற எஃப்டிடிபுட் போதும். யூ-பூட்டிலேயே எஃப்டிடி பிரிண்ட் /சோசன் என்று பார்க்கலாம், எஃப்டிடி செட் கொடுத்து அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் மாற்றியும் பார்க்கலாம். கோப்பைத் தொடும் முன் இப்படி ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது.

எழுத்து வருகிறது, ஆனால் கட்டம் கட்டமாக, கேள்விக்குறியாக வருகிறதே?

வேகம் ஒத்துப்போகவில்லை. எந்த இடத்தில் குழம்ப ஆரம்பிக்கிறது என்று கவனியுங்கள், அதிலேயே விடை இருக்கும்.

முதல் எழுத்தில் இருந்தே குழப்பம் என்றால் உங்கள் கணினிப் பக்கம் வேகம் தவறு. ஆர்கே3399 சிப் வைத்த போர்டுகள் பல 15,00,000 பாட்டில் பேசும். மலிவான சில அடாப்டர்களுக்கு அந்த வேகம் எட்டாது.

யூ-பூட் வரைக்கும் தெளிவாக இருந்து, கர்னல் வந்ததும் குழம்பினால் எஸ்டிடிஅவுட்-பாத்தில் முக்காற்புள்ளிக்குப் பின்னால் வேகம் எழுதாமல் விட்டிருப்பீர்கள். எழுதாவிட்டால் டிரைவர் தன் இஷ்டத்துக்கு ஒன்றை வைத்துக்கொள்ளும், லினக்ஸின் 8250 டிரைவர் 9600 வைக்கும். வேகமும் எழுதியிருந்து அப்படியும் குழம்பினால், விவரக் கோப்பில் யூஆர்ட்டின் கடிகார வேகம் தவறாக இருக்கலாம்.

ராஸ்பெரி பை 3-ல் ஏன் இவ்வளவு தொல்லை?

அதில் நல்ல யூஆர்ட்டான பிஎல்011-ஐ ப்ளூடூத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். 8, 10 கால்களுக்கு வருவது மினி யூஆர்ட். மினி யூஆர்ட்டின் வேகம் சிப்பின் கோர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு போகிறது, கடிகாரம் ஏறி இறங்கினால் பாட் வேகமும் ஏறி இறங்கும். கான்ஃபிக்.டிஎக்ஸ்டி கோப்பில் எனேபிள்_யூஆர்ட்=1 என்று போட்டால் யூஆர்ட்டும் திறக்கும், கடிகாரமும் ஒரே நிலையில் நிற்கும். ப்ளூடூத் வேண்டாம் என்றால் டிடிஓவர்லே=டிசேபிள்-பிடி போட்டு பிஎல்011-ஐயே கால்களுக்குக் கொண்டுவரலாம். தோப்பில் மோட்டார் பார்க்கும் போர்டுக்கு ப்ளூடூத் தேவையில்லை, நான் எப்போதும் இதைத்தான் செய்கிறேன்.

சிஎம்டிலைன்.டிஎக்ஸ்டி கோப்பில் கன்சோல்=சீரியல்0,115200 என்று இருக்கும். சீரியல்0 என்ற அந்தச் சொல்லை ஃபர்ம்வேர் பார்த்து, டிடிஒய்எஸ்0 அல்லது டிடிஒய்ஏஎம்ஏ0 என்று பொருத்தமான பெயராக மாற்றித்தான் கர்னலுக்குக் கொடுக்கும். அதைத் தொடாதீர்கள்.

"ஸ்டார்ட்டிங் கர்னல்" என்பதோடு நின்றுவிடுகிறது. கர்னல் செத்ததா, கன்சோல்தான் இல்லையா?

கர்னல் வரியில் எர்லிகான் என்ற ஒற்றைச் சொல்லைச் சேருங்கள். அதற்குப் பின்னால் எதுவும் எழுதாவிட்டால் எஸ்டிடிஅவுட்-பாத் காட்டும் யூஆர்ட்டையே அது எடுத்துக்கொள்ளும். முழு டிரைவர் வருவதற்கு முன்பே, பூட்லோடர் விட்டுப்போன அமைப்பை வைத்துக்கொண்டே எழுத ஆரம்பிக்கும். உண்மையான கன்சோல் வந்ததும் இது ஒதுங்கிவிடும். ஒதுங்கும் அந்த நொடியில் மௌனம் ஆகிறது என்றால் கீப்_பூட்கான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கர்னல் உயிரோடுதான் இருந்தது, இரண்டாவது கன்சோல்தான் தவறு என்று பல முறை தெரியவரும்.

எழுத்தெல்லாம் சரியாக வருகிறது. நான் அடிப்பது மட்டும் போகவில்லை?

சீரியல் கம்பியைப் பார்க்கக் கணினியில் மினிகாம் என்ற நிரலைப் பயன்படுத்தினால் ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோலை நிறுத்துங்கள். மூன்று கம்பியில் அது நடக்காது. பிக்கோகாமில் இந்தத் தொல்லை இல்லை, திண்ணையில் எல்லோருக்கும் அதைத்தான் பழக்குகிறேன். அப்புறம் அடாப்டரின் அனுப்பும் கம்பி நன்றாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். லாகின் கேட்கவே இல்லை என்றால், லாகின் கேட்கும் கெட்டி என்ற நிரல் ஓடாத பிரச்சினை. சிஸ்டம்டி என்ற சேவை நிர்வாகி இருக்கும் லினக்ஸில் கன்சோலுக்கு அது தானாகவே கிளம்பிவிடும்.

திரையிலும் கம்பியிலும் ஒரே நேரத்தில் வேண்டும் என்றால்?

லினக்ஸில் கன்சோல்=டிடிஒய்0 கன்சோல்=டிடிஒய்எஸ்0,115200 என்று இரண்டையும் எழுதலாம். கர்னல் செய்திகள் இரண்டுக்கும் போகும். ஆனால் கடைசியாக எழுதியதுதான் /டெவ்/கன்சோல் ஆகும், சேவைகள் கிளம்பும்போது வரும் செய்திகள் அதற்கு மட்டுமே போகும். அதனால் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்தைக் கடைசியில் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதச் சொன்ன நானே இங்கே கன்சோல்= எழுதச் சொல்கிறேன். இது கம்பி எது என்ற கேள்வி அல்ல, எத்தனை வேண்டும் என்ற கேள்வி. அதற்குக் கர்னல் வரிதான் இடம்.

ஃப்ரீபிஎஸ்டியில் எப்படி?

ஆர்ம் போர்டுகளில் அதுவும் சோசன் கணுவில் எஸ்டிடிஅவுட்-பாத்தைத்தான் தேடும். கோப்பைத் தொடாமல் மாற்ற விரும்பினால் அதன் பூட்லோடரான லோடரில் எச்டபிள்யூ.எஃப்டிடி.கன்சோல் என்ற மாறியில் வேறு கணுவைச் சொல்லலாம்.

பிசியில் அதற்கென்று இன்னொரு விவரக் கோப்பு உண்டு, /பூட்/டிவைஸ்.ஹிண்ட்ஸ். அதில் ஹிண்ட்.யூஆர்ட்.0.போர்ட்="0எக்ஸ்3எஃப்8", ஹிண்ட்.யூஆர்ட்.0.ஐஆர்க்யூ="4" என்று முதல் சீரியல் துளையின் விவரம் இருக்கும். ஹிண்ட்.யூஆர்ட்.0.ஃப்ளாக்ஸ்="0எக்ஸ்10" என்ற வரிதான் இது கன்சோல் ஆகத் தகுந்தது என்று சொல்வது. பிறகு லோடர்.கான்ஃப் கோப்பில் பூட்_சீரியல்="யெஸ்", காம்கன்சோல்_ஸ்பீட்="115200", கன்சோல்="காம்கன்சோல்" என்று சேர்க்கவேண்டும்.

லினக்ஸ் பிசியில் டிவைஸ் ட்ரீ இல்லையே?

அங்கே பிசியின் ஃபர்ம்வேர் தரும் ஏசிபிஐ அட்டவணைகள் அந்த வேலையைச் செய்யும். எஸ்பிசிஆர் என்ற அட்டவணை, எந்தச் சீரியல் துளை கன்சோல் என்று சொல்வதற்கென்றே இருப்பது. ஏசிபிஐ வைத்த ஆர்ம் சர்வர்களில் எஸ்டிடிஅவுட்-பாத்தின் வேலையை அதுவே செய்கிறது. சாதாரண பிசியில் க்ரப் பூட்லோடரின் அமைப்பில் கன்சோல்=டிடிஒய்எஸ்0,115200 எழுதி அப்டேட்-க்ரப் ஓட்டிவிடுங்கள், போதும்.

பெட்டிக்குள் வைத்து மூடிய பிறகும் கன்சோல் இருக்கட்டுமா?

இருக்கட்டும். கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டு மாடியில் நான் வைத்த தொட்டிப் போர்டு இருக்கிறது. ஏணி வைத்து ஏறி, ஓட்டுக்குக் கீழே குனிந்துகொண்டுதான் பார்க்கவேண்டும். அங்கே திரையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. மூன்று கால்களையும் பெட்டியின் ஓரத்துக்குக் கொண்டுவந்து, மூடியின் உட்பக்கம் கிரவுண்ட் எது, வேகம் எவ்வளவு, எந்த டிடிபி கோப்பு (தொகுத்த டிவைஸ் ட்ரீ) என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அந்தக் கம்பியைத் தொட முடிந்தவருக்கு யூ-பூட் திறக்கும், அங்கிருந்து கர்னல் வரியில் இனிட்=/பின்/எஸ்எச் சேர்த்தால் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே போகலாம். தோப்புபோல ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் பெட்டிக்குப் பூட்டுப் போடுங்கள், யூ-பூட்டின் காத்திருப்பு நேரத்தைக் குறிக்கும் பூட்டிலே மாறியை -2 ஆக்குங்கள். அப்படி ஆக்கினால் நீங்களே விசையைத் தட்டி நிறுத்த முடியாது. அதனால் கன்சோல் வரி எல்லாம் சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகு கடைசி வேலையாக அதைச் செய்யுங்கள்.